நானோ அறிவியலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஊர் மக்களுக்கும் எப்படிச் சொல்வது?

கேள்வி கேட்டவர் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கும் ஆசிரியர். பள்ளிக் கண்காட்சியில் "நானோ" என்ற தலைப்பில் ஓர் அரங்கு வைக்க வேண்டும், மாணவர்களோடு பெற்றோரும் வருவார்கள். கையில் இருப்பது ஒரு சாதாரண மைக்ரோஸ்கோப் மட்டும். "தலைமுடியின் தடிமனில் லட்சத்தில் ஒரு பங்கு என்று சொன்னால் 'அப்படியா' என்று கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுகிறார்கள். வேறு எப்படித் தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறார்.

அவர்கள் நகர்ந்து போவதில் தப்பே இல்லை. லட்சத்தில் ஒரு பங்கு என்பது காதுக்கு வெறும் எண். கண்ணுக்குத் தெரியாதது எல்லாம் மனதில் ஒரே மூட்டையில் போய் விழுந்துவிடும். செல், பாக்டீரியா, வைரஸ், அணு நான்கையும் அளவு வாரியாக அடுக்கச் சொல்லிப் பாருங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே தடுமாறுவார்கள். அதனால் என் யோசனை இதுதான்: "நானோ" என்ற சொல்லைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பிள்ளைகள் முதலில் ஒரு நானோமீட்டரை, அதாவது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கை, தங்கள் கையால், சாதாரண ஸ்கேலால் அளந்து பார்க்கட்டும். அளவு மாறும்போது பொருளின் குணமும் மாறுகிறது என்பதை அப்புறம் காட்டலாம். இந்த இரண்டும் மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்து சேரும்.

ஸ்கேலால் நானோமீட்டரை அளக்க முடியுமா என்றால், முடியும். லண்டனில் கிளாப்பம் காமன் என்ற இடத்தில் ஒரு குளம் இருக்கிறது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அதில் ஒரு டீஸ்பூன் எண்ணெயை ஊற்றிப் பார்த்தார். காற்றில் அலையடித்துக்கொண்டிருந்த நீர், ஏறக்குறைய அரை ஏக்கருக்குக் கண்ணாடி மாதிரி அமைதியானது. 1774-ல் அதை எழுதி வெளியிட்டார். டீஸ்பூன் என்றால் சுமார் 5 மில்லி, அரை ஏக்கர் என்றால் சுமார் 2,000 சதுர மீட்டர். கன அளவைப் பரப்பால் வகுத்தால் எண்ணெய்ப் படலத்தின் தடிமன் 2.5 நானோமீட்டர் என்று வருகிறது. இந்த வகுத்தலை ஃபிராங்க்ளின் போடவில்லை. மூலக்கூறின் அளவைக் கண்டுபிடிக்கும் நோக்கமும் அவருக்கு இல்லை. கரும்பலகையில் அந்தக் கணக்கைப் பிள்ளைகளே போடட்டும்.

அடுத்து அதையே வகுப்பறையில் செய்யலாம். எண்ணெய்க்குப் பதிலாக, எண்ணெய்களில் இருக்கும் கொழுப்பு அமிலமான ஒலியிக் அமிலம் 1 மில்லி எடுத்து, மொத்தம் 20 மில்லி வரும்படி ஆல்கஹாலில் கரையுங்கள். அந்தக் கரைசலில் 1 மில்லியை எடுத்து மறுபடியும் 20 மில்லி ஆக்குங்கள். இப்போது 400-ல் ஒரு பங்குதான் அமிலம். ஓர் அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, அசையாமல் நிற்கவிட்டு, மேலே டால்கம் பவுடரை மெல்லிசாகத் தூவுங்கள். முதலில் வெறும் ஆல்கஹாலை ஒரு சொட்டு விடுங்கள். பவுடர் சட்டென்று விலகும், உடனே திரும்ப மூடிக்கொள்ளும். பிறகு அமிலக் கரைசலில் ஒரு சொட்டு. பவுடர் விலகும், இந்தத் தடவை மூடாது. ஒரு தெளிவான வட்டம் நின்றுவிடும். ஆல்கஹால் போய்விட்டது, அமிலம் தங்கிவிட்டது என்பதை யாரும் சொல்லாமலே பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

அந்த வட்டத்தின் விட்டத்தை ஸ்கேலால் அளக்க வேண்டும். ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு என்பதைத் தண்ணீரை வைத்து எண்ணாதீர்கள். ஆல்கஹால் சொட்டு தண்ணீர்ச் சொட்டைவிடச் சிறியது, அதனால் அதே கரைசலை அதே சொட்டுக்குழாயில் எடுத்துத்தான் எண்ண வேண்டும். மில்லிக்கு 50 சொட்டு என்று வைத்துக்கொண்டால் ஒரு சொட்டில் இருக்கும் அமிலம் 0.00005 மில்லி. வட்டத்தின் விட்டம் 18 சென்டிமீட்டர் வந்தால் பரப்பு சுமார் 254 சதுர சென்டிமீட்டர். வகுத்துப் பாருங்கள்: 2 நானோமீட்டர். ஒலியிக் அமில மூலக்கூறின் நீளமும் ஏறக்குறைய அதுதான். உங்கள் வகுப்பில் 1 என்றோ 4 என்றோ வரலாம், பரவாயில்லை. வட்டம் கச்சிதமாக இருக்காது, சொட்டும் ஒரே அளவில் விழாது. படலம் ஒரே ஒரு மூலக்கூறு தடிமன் என்று நாம் எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுங்கள். எவ்வளவு தள்ளிப்போகலாம், ஏன் என்று பேசுவதுதான் அந்த வகுப்பின் நல்ல பகுதி. ஓர் எச்சரிக்கை: தட்டில் துளி சோப்பு ஒட்டியிருந்தாலும் பரிசோதனை கெட்டுவிடும். வெறும் தண்ணீரில் பலமுறை அலசிய தட்டுதான் வேண்டும்.

இந்தப் பரிசோதனையோடு ஆக்னஸ் பொக்கல்ஸ் என்ற பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் என்ற ஊர்க்காரர், 1862-ல் பிறந்தவர். பெண்களுக்கு அன்று அங்கே பல்கலைக்கழகக் கதவு மூடியிருந்தது. வீட்டு வேலைகளைப் பார்த்துக்கொண்டே, சமையலறையில் ஒரு தகரத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அதன் மேல் எண்ணெயும் அழுக்கும் சேரும்போது பரப்பு இழுவிசை எப்படி மாறுகிறது என்று ஆண்டுக்கணக்கில் அளந்தார். அதைக் கடிதமாக ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபுவுக்கு எழுத, அவர் 1891-ல் நேச்சர் இதழில் அது வெளிவர ஏற்பாடு செய்தார். பின்னால் அமெரிக்க வேதியியலாளர் இர்விங் லாங்மியூர் இதே துறையில் உழைத்து 1932-ல் நோபல் பரிசு பெற்றார். வகுப்பில் இருக்கும் பெண் பிள்ளைகள் இந்தக் கதையைக் கட்டாயம் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கையால் அளந்தாயிற்று. இனி "எவ்வளவு சிறியது" என்று சொல்ல 20 சென்டிமீட்டர் காகித நாடா ஒன்று போதும். அதைப் பாதியாக வெட்டு, அந்தப் பாதியை மறுபடி பாதியாக வெட்டு என்று சொல்லுங்கள். கத்தரிக்கோலால் எட்டு அல்லது ஒன்பது தடவைக்கு மேல் யாராலும் போக முடியாது. அங்கே நிறுத்திவிட்டு, மேற்கொண்டு கணக்கால் வெட்டலாம். பதினொன்று, பன்னிரண்டில் முடியின் தடிமன் வரும். 18-ல் பாக்டீரியா, 21-ல் கொரோனா வைரஸ், 27-ஐ ஒட்டி டிஎன்ஏ இழையின் அகலம். 28-வது வெட்டில் ஒரு நானோமீட்டருக்குக் கீழே போகிறோம். 30-ஐ ஒட்டி அணு வந்துவிடும், அதற்குமேல் வெட்டினால் அது காகிதமாக இருக்காது. கண்ணுக்குத் தெரியாத உலகத்துக்குள்ளேயே இத்தனை படிகள் இருக்கின்றன என்பது இப்படித்தான் உறைக்கும். இது நானே கண்டுபிடித்த விளையாட்டு இல்லை. அமெரிக்க அருங்காட்சியகங்களில் பல ஆண்டுகளாகச் செய்வதுதான்.

அந்த முயற்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பணத்தில் 2005-ல் நைஸ் நெட் என்ற கூட்டமைப்பு தொடங்கியது. பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகம், மின்னசோட்டா அறிவியல் அருங்காட்சியகம், சான்ஃபிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரட்டோரியம் மூன்றும் முன்னின்று நடத்தின. 2008-லிருந்து ஆண்டுதோறும் "நானோ நாட்கள்" வந்தது. மேசைமேல் பரப்பிச் செய்யும் சின்னச் சின்னப் பரிசோதனைகளைப் பெட்டியில் போட்டு நாடு முழுக்க அனுப்பினார்கள். அவர்கள் பொதுமக்களுக்குச் சொல்ல நினைத்தது மிகக் கொஞ்சம். நானோ அளவில் பொருட்கள் சிறியவை மட்டுமல்ல, அடிக்கடி வேறு மாதிரி நடந்துகொள்கின்றன. இதனால் பலனும் உண்டு, செலவும் அபாயமும் உண்டு, எல்லாவற்றையும் முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது. ஏறக்குறைய அவ்வளவுதான். பள்ளிப் பாடத்துக்கென்று பின்னர் அங்கே தொகுத்த ஒன்பது அடிப்படைக் கருத்துகளிலும் அளவைச் சார்ந்து குணம் மாறுவதற்குத் தனி இடம் கொடுத்தார்கள். நம்மூர் அரங்குகளில் பெரும்பாலும் வைக்கிற, கார்பன் அணுக்களால் ஆன நுண்ணிய குழாயான கார்பன் நானோ குழாயின் தெர்மாகோல் மாதிரியும் பயன்களின் நீண்ட பட்டியலும் இந்த விஷயத்தைத் தொடுவதே இல்லை.

குணம் மாறுவதைக் காட்ட மேற்பரப்பிலிருந்து தொடங்கலாம். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்துக்கு ஆறு பக்கம், மொத்த மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் மொத்த மேற்பரப்பு 6,000 சதுர மீட்டர், அதாவது சுமார் ஒன்றரை ஏக்கர். பொருள் அதேதான், எடையும் அதேதான். வேதிவினை நடப்பது பரப்பில் என்பதால் வேகம் தலைகீழாக மாறிவிடுகிறது. ஆணியை நெருப்பில் காட்டினால் சூடாகும், அவ்வளவுதான். மெல்லிய இரும்பு நாரை ஒன்பது வோல்ட் பேட்டரியில் தொட்டால் தீப்பொறி பறக்க எரியும். பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நார் இதற்கு ஆகாது, பெயிண்ட், மரவேலைக் கடைகளில் விற்கும் இரும்பு நார்தான் வேண்டும். அந்த நார் நானோ அளவில் இல்லை, அதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் தடிமன் என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். இவ்வளவு பெரிய இழைக்கே இப்படியென்றால், என்று மிச்சத்தை அவர்களே யோசிக்கட்டும். எதோடும் எளிதில் வினைபுரியாத தங்கமே ஐந்து நானோமீட்டருக்கும் சிறிய துகளானால், கார்பன் மோனாக்சைடை நீர் உறையும் வெப்பநிலைக்கும் கீழே ஆக்சிஜனேற்றம் செய்ய உதவுகிறது. ஜப்பானில் மசதாகே ஹருதா 1987-ல் காட்டியது இது. சென்னை ஐஐடியில் டி. பிரதீப் குழு குடிநீரிலிருந்து பூச்சிமருந்தை எடுக்க வெள்ளி நானோ துகள்களைப் பயன்படுத்தியதற்கும் துகளின் இந்தப் பரப்புதான் அடிப்படை.

விசைகளின் கணக்கும் மாறும். கொலு செட்டில் வரும் மிகச் சின்ன டம்ளர், வாய் அரை சென்டிமீட்டருக்கும் குறைவாக இருப்பது, ஒன்று கிடைத்தால் அதில் சொட்டுக்குழாயால் தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்துப் பாருங்கள். தண்ணீர் விழாது. பெரிய டம்ளரில் புவியீர்ப்பு ஜெயிக்கிறது, சின்னதில் பரப்பு இழுவிசை ஜெயிக்கிறது. ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் புரியும் பரிசோதனை இது. அரங்கின் வாசலிலேயே வைக்கலாம்.

அப்புறம் தங்கம். செய்ய முடிந்தால் இதை விடாதீர்கள். குளோரோ ஆரிக் அமிலம் என்ற தங்கச் சேர்மத்தின் வெளிர் மஞ்சள் கரைசல், ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிமோல் அடர்த்தியில், 20 மில்லி. கலக்கிக்கொண்டே கொதிக்க விட்டு, ஒரு சதவீத ட்ரை சோடியம் சிட்ரேட் கரைசலை 2 மில்லி சேர்க்க வேண்டும். மஞ்சள் முதலில் காணாமல் போகும். சில நிமிடங்களில் சாம்பல் படர்ந்து, கருநீலமாகி, ஊதாவாகி, கடைசியில் திராட்சை ரசத்தின் சிவப்பில் வந்து நிற்கும். உள்ளே இருப்பது தங்கம்தான், 13 நானோமீட்டர் அளவுள்ள துகள்களாக. அந்த அளவில் தங்கத்தின் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஊசலாடிப் பச்சையை விழுங்கிவிடுகின்றன, மிஞ்சுவது சிவப்பு. மைக்கேல் ஃபாரடே இதை 1857-லேயே ஆராய்ந்தார். அவர் தயாரித்த சிவப்புக் கரைசல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இன்னும் இருக்கிறது.

இதோடு நிறுத்தாமல் இரண்டு சோதனைக் குழாய்களில் பிரித்து ஊற்றுங்கள். ஒன்றில் சர்க்கரைக் கரைசல் சில சொட்டு, மற்றதில் உப்புக் கரைசல் சில சொட்டு. சர்க்கரை விட்டது சிவப்பாகவே இருக்கும். உப்பு விட்டது கண்ணெதிரே ஊதாவாகி நீலமாகிவிடும். துகள்களைச் சுற்றியிருக்கும் சிட்ரேட்டின் எதிர்மின்னூட்டம்தான் அவற்றை ஒன்றையொன்று நெருங்கவிடாமல் வைத்திருந்தது. உப்பின் அயனிகள் அதை மறைத்துவிட, துகள்கள் கூடித் திரள்கின்றன, நிறம் மாறுகிறது. லேசர் பாயிண்டரைக் காட்டினால் சிவப்புக் கரைசலுக்குள் ஒளிப்பாதை தெரியும், பாடத்தில் படிக்கிற டிண்டால் விளைவு. லேசரை யார் கண்ணிலும் படாமல் பிடிக்கச் சொல்லுங்கள். அமிலம் தோலை அரிக்கும், அதனால் கொதிக்க வைக்கும் வேலையை ஆசிரியர்தான் செய்ய வேண்டும், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு. காய்ச்சி வடித்த நீர் கட்டாயம். குழாய்த் தண்ணீரில் இருக்கும் உப்புகளே நிறத்தைக் கெடுத்துவிடும்.

பெற்றோர் வரும்போது இந்தக் குப்பியின் பக்கத்தில் ஒரு கோவிட் பரிசோதனை அட்டையை வையுங்கள். வீட்டிலேயே செய்துபார்த்த அந்த அட்டைகள் பலவற்றிலும், கர்ப்பப் பரிசோதனை அட்டைகளிலும், சிவப்பாகத் தோன்றும் கோடு இதே தங்கத் துகள்கள்தான். எதிர்ப்பொருள் ஒட்டிய துகள்கள் அந்த இடத்தில் பிடிபட்டுச் சேர்ந்து கோடாகத் தெரிகின்றன. தன் வீட்டில் ஏற்கெனவே வந்துபோன பொருள் என்று தெரிந்தால் யாருமே நின்று கேட்பார்கள். கிரிக்கெட் பார்க்கும் பையன்களுக்கு வேறு ஓர் உதாரணம் இருக்கிறது. பழைய ஆட்டக்காரர்கள் மூக்கிலும் உதட்டிலும் அப்பியிருந்த வெள்ளைப் பூச்சு துத்தநாக ஆக்சைடு. அதே ஆக்சைடை நானோ துகளாக்கிச் செய்த சன்ஸ்கிரீன் தோலில் கிட்டத்தட்ட தெரிவதே இல்லை, புறஊதாக் கதிரை மட்டும் தடுத்துவிடுகிறது. துகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிதாகிவிட்டதால் கண்ணுக்குத் தெரியும் ஒளியை அவ்வளவாகச் சிதறடிப்பதில்லை.

குளம் பக்கத்தில் இருந்தால் தாமரை இலை, இல்லாவிட்டால் சேப்பங்கிழங்கு இலை ஒன்று வாங்கி வையுங்கள். தண்ணீர் முத்தாக உருளும். இலையின் ஒரு பக்கத்தை மட்டும் விரலால் அழுத்தித் தேய்த்துவிட்டு மறுபடி விடச் சொல்லுங்கள், அங்கே தண்ணீர் ஒட்டிக்கொள்ளும். மெழுகின் நுண்ணிய மேடுகள் நசுங்கிவிட்டன. பார்ட்லாட் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் 1997-ல் இதை விரிவாக எழுதிய பிறகுதான் அழுக்கு ஒட்டாத பூச்சுகளெல்லாம் சந்தைக்கு வந்தன.

படங்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சுவரொட்டியில் அணுக்களின் நீலமும் தங்கநிறமுமான படங்களை ஒட்டினால், அந்த நிறங்கள் கணினி போட்டவை என்று அடியில் எழுதுங்கள். 1981-ல் ஸூரிக் ஐபிஎம் ஆய்வகத்தில் பின்னிக்கும் ரோரரும் செய்த, எஸ்டிஎம் எனப்படும் ஊடுருவல் நுண்ணோக்கி எதையும் நம் கண்போலப் பார்ப்பதில்லை. மிகக் கூர்மையான ஊசிமுனையைப் பரப்பின் மேல் நகர்த்தி, மின்னோட்டம் கூடிக் குறைவதை அளந்து, அந்த எண்களைப் படமாக்குகிறது. 1989-ல் 35 ஸெனான் அணுக்களை ஒவ்வொன்றாக நகர்த்தி ஐபிஎம் என்று எழுதியதும் இதே வகை ஊசியால்தான். வகுப்பில் இதைக் காட்ட ஃப்ரிட்ஜில் ஒட்டும் ரப்பர் மாதிரியான காந்தத் தாள் போதும். ஓரத்தில் ஒரு மெல்லிய துண்டை வெட்டி எடுத்து, பெரிய துண்டின் பின்பக்கத்தில் மெதுவாக இழுங்கள். ஒரு திசையில் சும்மா வழுக்கும், மற்றத் திசையில் தடதடவென்று குதிக்கும். கண்ணுக்குத் தெரியாத காந்தப் பட்டைகளைக் கை கண்டுபிடித்துவிட்டது.

ரத்தக் குழாயில் நீந்தும் நானோ ரோபோ படங்களை மட்டும் வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நானோ அளவில் இருக்கிற எதையும் நீர் மூலக்கூறுகள் இடைவிடாமல் மோதித் தள்ளிக்கொண்டிருக்கும். சின்ன நீர்மூழ்கி போல விசிறி சுழற்றிக்கொண்டு அங்கே போக முடியாது. உங்கள் மைக்ரோஸ்கோப்புக்கு இங்கே வேலை இருக்கிறது. பாலில் நிறையத் தண்ணீர் சேர்த்து ஒரு சொட்டை 400 மடங்கு பெருக்கத்தில் பாருங்கள். கொழுப்புத் துளிகள் நிற்காமல் துடித்துக்கொண்டிருக்கும். ராபர்ட் பிரவுன் 1827-ல் மகரந்தத்தை நீரில் இட்டுப் பார்த்தபோது அதிலிருந்து வந்த நுண்துகள்களிடம் கண்டதும் இந்தத் துடிப்பைத்தான். கற்பனைப் படத்தைவிட இது நிஜம், இதைவிட அழகும் வேறில்லை.

"இது ஆபத்தா?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். இல்லை என்றும் சொல்லாதீர்கள், ஆமாம் என்றும் சொல்லாதீர்கள். எந்தத் துகள், எந்த வடிவம், உடம்புக்குள் எந்த வழியாகப் போகிறது என்று திருப்பிக் கேளுங்கள். நீண்ட, விறைப்பான கார்பன் நானோ குழாய்கள் எலிகளின் வயிற்றுச் சவ்வில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழைகளைப் போலவே அழற்சியை உண்டாக்கியதை 2008-ல் வந்த ஆய்வு காட்டியது. குட்டையாகச் சுருண்ட குழாய்கள் அப்படிச் செய்யவில்லை. பொருள் ஒன்றே, வடிவம்தான் வேறு.

கிராமப்புறப் பள்ளி என்றால் நானோ யூரியா பற்றிய கேள்வி வராமல் இருக்காது. அதற்குக் கணக்கு மட்டும் போட்டுக் காட்டுங்கள். 2021-ல் சந்தைக்கு வந்த, இலையில் தெளிக்கும் 500 மில்லி பாட்டில் ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடு என்று சொல்லப்பட்டது. அன்று வந்த பாட்டிலில் நைட்ரஜன் 4 சதவீதம் இருந்தது, அதாவது 20 கிராம். 45 கிலோ மூட்டையில் 46 சதவீதம், அதாவது 20 கிலோவுக்கு மேல். மண்ணில் போடும் யூரியாவில் பெரும்பகுதி பயிருக்குப் போகாமல் வீணாவது உண்மை, இலைவழி தெளிப்பதில் அந்த இழப்பு குறையும் என்பதும் நியாயமான வாதம். ஆனால் பாதிக்கு மேல் வீணானாலும் மீதி கிலோக் கணக்கில் இருக்கிறது, இங்கே கிராம் கணக்கு. துகளைச் சிறிதாக்கினால் பரப்பு கூடும், வேகம் கூடும், நிறம் மாறும். நைட்ரஜனின் அளவு கூடாது. இந்த வித்தியாசத்தைப் பத்தாம் வகுப்பு மாணவியே தன் அப்பாவுக்குச் சொல்லும்படி செய்ய முடியும், செய்யவும் வேண்டும். போனில் வரும் "3 நானோமீட்டர் சிப்" பற்றி யாராவது கேட்டாலும் இதே நிதானம் தேவை. அந்த எண் இப்போது ஒரு தலைமுறையின் விற்பனைப் பெயர், சிப்பில் எந்த ஒரு பாகத்தையும் அளந்து சொன்னது அல்ல.

கடைசியாகச் செலவு. எண்ணெய்ப் படலம், காகித நாடா, டம்ளர், இலை, காந்தம், பால் எல்லாம் சேர்த்தாலும் பெரிய தொகை வராது. ஒலியிக் அமிலம் ஆய்வகப் பொருள் கடைகளில் கிடைக்கும். விலை அதிகமானது தங்கச் சேர்மமான குளோரோ ஆரிக் அமிலம் ஒன்றுதான். அதிலும் ஒரு கிராம் வாங்கினால் இரண்டரை லிட்டர் கரைசல் செய்யலாம், 20 மில்லி வீதம் 120 தடவைக்கு மேல் வரும். ஒரே பள்ளிக்கு அவ்வளவு தேவையில்லை. பக்கத்துக் கல்லூரியின் வேதியியல் துறையில் பேசிப் பாருங்கள். பல இடங்களில் முதுகலை மாணவர்களே இந்தக் கரைசலை வழக்கமாகச் செய்கிறார்கள், ஒரு குப்பி கேட்டால் தருவார்கள். நன்றாகத் தயாரித்த கரைசல் இருட்டில், சுத்தமான கண்ணாடிக் குப்பியில் மாதக்கணக்கில் கெடாது. அதனால் கண்காட்சிக்கு முந்தின வாரம் ஓடாமல், கல்லூரித் தேர்வுகள் தொடங்குவதற்கு முன்பே கேட்டு வாங்கி வைத்துவிடுங்கள். உப்பு விட்டு நீலமானதைச் சாக்கடையில் ஊற்றாமல் ஒரு பாட்டிலில் சேர்த்து அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.